பல்லால் போட்ட முடிச்சு

அக்கா,

இன்று காலை பள்ளிக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. பேண்டேஜ் கம்பெனி வைத்திருக்கும் பெற்றோர் ஒருவர், முதலுதவிப் பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார். பிரித்ததும் சலவைத்தூளும் புதுத்துணியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. உங்கள் சேலையில் இருந்த வாடை என்று உடனே தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை. பேண்டேஜ் கம்பெனியை விட்டுச் சத்துணவுக்கூடத்துக்கு நீங்கள் சமைக்க வந்து பத்து வருடம் கழித்துத்தான் எனக்கு உங்களைத் தெரியும். உங்கள் சேலையில் வெங்காய வாடைதான் இருந்திருக்கும்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்று வந்து ஓரமாக நின்றேன், மாலை போட்டேன், மத்தியானப் பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டேன். அழவில்லை. எனக்கு அழுகை அவ்வளவு எளிதில் வராது என்று உங்களுக்குத் தெரியும். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இந்தப் பெட்டி மட்டுமில்லை. போன வாரம் எனக்கு ஒரு செய்தி தெரிந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றியது. உங்களுக்குத் தெரியாதது. முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். முப்பது வருட வாத்தியார் புத்தி.

பிள்ளையின் பெயரை எழுதமாட்டேன். எங்கேயும் எழுதக்கூடாது என்று அன்று வந்த அதிகாரி சொன்னார். நீங்களும் சாகும்வரை அந்தப் பெயரை வெளியே சொன்னதில்லை.

செட்டியார்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்பி, இராஜபாளையத்தில் இறங்கி, அங்கே டவுன் பஸ் பிடித்து வருவேன். பஸ் தாமதமானால் நான் வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழையும்போது, அடுப்படி வாசலில் நின்றபடி "தேரு நிலைக்கு வந்துருச்சா டீச்சர்?" என்பீர்கள். எங்கள் ஊர்த் தேரை வைத்து என்னைக் கேலி செய்யும் உரிமையை நான் உங்களுக்குக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. முதல் இரண்டு வருடம் நமக்குள் பெரிய பேச்சுவார்த்தையே கிடையாது. இன்று எத்தனை பிள்ளைகள் என்று நீங்கள் கேட்பீர்கள், நான் எண்ணிக்கை சொல்வேன். அவ்வளவுதான்.

அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு தறி. நெய்வதெல்லாம் காயத்துக்குக் கட்டும் துணி. வேறு ஊரில் பிள்ளை விழுந்து அடிபட்டால் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் மஞ்சளைப் பூசிக்கொண்டு வரும். எங்கள் பிள்ளைகள் வெள்ளை வெளேரென்று பேண்டேஜ் சுற்றிக்கொண்டு வருவார்கள். பென்சில் சீவும்போது கீறிக்கொண்டாலும் பேண்டேஜ், கொசு கடித்தாலும் பேண்டேஜ். ஆசிரியர்கள் யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கட்டு வெள்ளையாக இருந்தால் வீட்டில் யாரோ காயத்தைக் கவனித்துவிட்டார்கள் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. எல்லாரும் படித்தவர்கள், பயிற்சி வகுப்புக்குப் போனவர்கள். உடம்பில் அடிக்கடி காயம் தெரிந்தால் கவனியுங்கள் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். கட்டுப்போட்ட காயத்தை நாங்கள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவள் மூன்றாம் வகுப்பு, என் வகுப்பு. வீட்டோடு நான்கு தறி. அப்பா தறி ஓட்டினார், அம்மா நூல் மில்லில் ஷிப்ட் வேலை. பிள்ளை அதிகம் பேசாது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி விழும். நான் திட்டி முன் பெஞ்சில் உட்கார வைத்தேன். அந்த வருடம் மணிக்கட்டில் ஒருமுறை, முழங்காலுக்குக் கீழே ஒருமுறை, முன்னங்கையில் ஒருமுறை என்று கட்டுடன் வந்தாள். ஒவ்வொரு தடவையும் "விழுந்துட்டேன் டீச்சர்" என்றாள். ஒவ்வொரு தடவையும் நான் நம்பினேன்.

நீங்கள்தான் முதலில் ஆரம்பித்தீர்கள். "டீச்சர், திங்கக்கிழமையானா இந்தப் பிள்ளை மூணு வாட்டி சோறு வாங்குது. சனி ஞாயிறு வீட்டுல அடுப்பு எரியுதா இல்லையா?" என்றீர்கள். "வளர்ற பிள்ளை, நல்லா சாப்பிடட்டுமேக்கா" என்று சொல்லிவிட்டு நான் திருத்த வேண்டிய நோட்டுகளுக்குப் போய்விட்டேன். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

அதற்கு அடுத்த வாரம், தட்டுக் கழுவும் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். பிள்ளை குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். வலது கையில் கட்டு. நீங்கள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தட்டை வாங்கி வைத்துவிட்டு, "வகுப்புக்குப் போம்மா" என்று அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினீர்கள்.

"அந்தக் கட்டப் பாத்தீங்களா டீச்சர்?"

"சுத்தமாத்தானே இருக்கு?"

"சுத்தத்தைக் கேக்கலை. எட்டு வருசம் அந்தத் துணியச் சுத்திச் சுத்தித்தான் எம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். பெரியவங்க கட்டி விட்டா முடிச்சு மேல இருக்கும். இது உள்பக்கம், வாய்க்கு எட்டுற எடத்துல இருக்கு. நூல் முனை நைஞ்சு கெடக்கு. ஒரு முனையப் பல்லால கடிச்சுக்கிட்டு, மறு முனைய இடது கையால இழுத்து முடிச்சுப் போட்டுருக்கா. அது அவ அம்மா போட்ட கட்டு இல்ல டீச்சர். அவளே போட்டுக்கிட்டது."

எட்டு வயதுப் பிள்ளை தன் காயத்தைத் தானே கட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் பள்ளிக்கு வருகிறாள். அதுவரை சரியாகத்தான் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் செய்தது தப்பு.

"நாளைக்கு அவ அப்பாவ வரச்சொல்லிப் பேசுறேன்" என்றேன். "வேண்டாம் டீச்சர்" என்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு என்னமோ பிடிக்கலை" என்பதற்கு மேல் உங்களால் சொல்ல முடியவில்லை. எங்கள் வழக்கம் அதுதானே. எந்தப் பிரச்சினை என்றாலும் அப்பாவைக் கூப்பிடு, உட்கார வைத்துப் பேசு, சமாதானமாக அனுப்பு. நான் வழக்கப்படி செய்தேன்.

அவர் வந்தார். தோய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பேச்சில் அப்படி ஒரு பணிவு. பிள்ளையை அழைத்து அவர் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, "அப்பா அடிப்பாங்களாம்மா?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி, "இல்ல டீச்சர், விழுந்துட்டேன்" என்றாள். "சேட்டை ஜாஸ்தி டீச்சர். நீங்கதான் கண்டிச்சு வளக்கணும்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் பிள்ளை வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாவது நாள், அரிசி களைந்த ஈரக்கையோடு வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டீர்கள். நீங்கள் வகுப்பு வாசலுக்கு வந்தது அது ஒரே ஒருமுறைதான்.

"நான் அந்தத் தெருவழியாத்தான் வீட்டுக்குப் போறேன். தறி ஓடுற சத்தம் கேக்குது, பிள்ளை கண்ணுல படலை. அடிக்கிற ஆளப் பக்கத்துல நிப்பாட்டி வச்சுக்கிட்டு, அடிக்கிறாகளான்னு கேட்டா பிள்ளை என்னத்தைச் சொல்லும் டீச்சர்? நீங்க கேட்டதுக்கு வீட்டுல அதுக்கு என்ன நடந்துச்சோ?"

தலைமையாசிரியையிடம் போனோம். கெட்டவர் இல்லை, பயந்தவர். "நம்ம கண்ணால பாத்தோமா? நாளைக்கு இல்லைன்னு ஆயிட்டா ஊர்க்காரங்க பள்ளிக்கூடத்து முன்னால வந்து நிப்பாங்க. ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம்" என்றார். குழந்தைகள் உதவி எண் போட்ட சுவரொட்டி அவர் தலைக்கு மேலேதான் இருந்தது. பாதியைப் பீரோ மறைத்திருந்தது. நீங்கள் எட்டிப் பார்த்து, எண்ணை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வெளியே போனீர்கள்.

அடுப்படிக்குப் பின்னால், விறகு கிடந்த இடத்தில் நின்று போன் போட்டீர்கள். நான் உங்கள் பக்கத்தில் நின்றேன். இதைத்தான் போன வாரம்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது. நீங்கள் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. வலது கையில் கட்டு இருந்தது, முடிச்சு உள்பக்கம் இருந்தது, திங்கட்கிழமை மூன்று முறை சாப்பிட்டாள், மூன்று நாளாக வரவில்லை. அடித்தார்கள் என்று நீங்கள் ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவர்கள் வகுப்பாசிரியரிடம் பேச முடியுமா என்று கேட்டார்கள். போனை என் பக்கம் நீட்டினீர்கள்.

நான் தலையை ஆட்டி மறுத்தேன். கையைக்கூட உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். என் பெயர் எங்காவது பதிவாகிவிடும், போலீஸ் வரும், சாட்சிக்குக் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் அந்த ஒரு நொடியில் ஓடியது. நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு போனைக் காதில் வைத்து, "டீச்சர் வகுப்புல இருக்காக. நேர்ல வாங்க, சொல்லுவாக" என்றீர்கள். உங்கள் பெயரை, உங்கள் வேலையை, தெருவை எல்லாம் சொல்லிவிட்டு வைத்தீர்கள்.

அன்று மத்தியானமே இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண், ஓர் ஆண். என்னிடமும் கேட்டார்கள். நேரில் வந்து நின்றபோது சொன்னேன், மறைக்கவில்லை. ஆனால் எந்தெந்தத் தேதியில் கட்டு இருந்தது என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. வருகைப்பதிவேட்டில் வந்தாள், வரவில்லை என்பது மட்டும்தான் இருக்கும். உங்களைக் கேட்டார்கள்.

"தேதி எனக்குத் தெரியாது. தக்காளிச் சோறு போட்ட அன்னைக்கு எடது கையால அள்ளித் தின்னா. அப்பத்தான் வலது மணிக்கட்டுல கட்டு. உருளைக்கிழங்கு வறுவல் அன்னைக்கு நொண்டிக்கிட்டு வந்தா, அது கால்ல. கொண்டக்கடலைச் சாதத்தன்னைக்கு முட்டைய உரிக்கத் தெரியாம உக்காந்திருந்தா, நான் உரிச்சுக் குடுத்தேன். அன்னைக்குத்தான் இந்த முன்னங்கைக் கட்டு."

சத்துணவில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு சாப்பாடு; எந்த வாரம் என்பதும் உங்களுக்கு நினைவிருந்தது. அந்தப் பெண் அதிகாரி உங்கள் சாப்பாட்டுக் கிழமைகளையும் என் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை எழுதினார். ஒன்றுகூட இடிக்கவில்லை. ஒவ்வொரு காயத்துக்கும் முந்தைய நாள் அம்மாவுக்கு மில்லில் எந்த ஷிப்ட் என்று பிறகு விசாரித்தபோது, பிள்ளை அப்பாவோடு தனியாக இருந்த நாட்களாகவே அமைந்தன. அம்மா வேலைக்குப் போன நேரங்களில் அப்பா பிள்ளையைத் தறிக்குக் காவல் வைத்திருக்கிறார். நூல் அறுந்ததைக் கவனிக்காமல் கண்ணயர்ந்தால் அடி. சோறு கிடையாது.

அவர்கள் போலீஸோடு அந்த வீட்டுக்குப் போனார்கள். கை வீங்கிப் படுத்திருந்த பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பில் விரிசல். அது நான் அவரை அழைத்துப் பேசிய நாள் சாயங்காலம் பட்ட அடி. இதை அந்த அதிகாரி என்னிடம் குற்றமாகச் சொல்லவில்லை. "இனிமே வீட்டாளுங்களைக் கூப்பிட்டு விசாரிக்காம முதல்ல எங்களுக்குச் சொல்லுங்க மேடம், அதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சாதாரணமாக இல்லை. இன்றுவரை இல்லை.

தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க மில்லிலிருந்து அம்மா ஓடிவந்தார். "தெரியும் டீச்சர். எங்க போவேன்?" என்றார். அதற்கு முன்பு அவரைப் பற்றி நான் கோபமாகச் சில சொற்கள் வைத்திருந்தேன். அவற்றைச் சொல்லாமல் விட்டேன். அப்பா மேல் வழக்குப் பதிவானது. அம்மாவும் பிள்ளையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அம்மாவின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தகவல் சொன்னது யார் என்று அதிகாரிகள் வெளியே விடவில்லை. தெருவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை, தானே ஊகித்துக்கொண்டது. அவருடைய அண்ணன் தம்பிகள் உங்கள் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு உங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. "ஒரு பட்டுச்சேலை கசங்காம இருந்துச்சு, போங்க" என்று சிரித்தீர்கள். நான் சாயங்காலம் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய்விடுவேன். நீங்கள் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு அதே தெரு வழியாகத்தான் நடந்து வீடு போக வேண்டும். ஒரு நாள்கூட நான் உங்களோடு அந்தத் தெருவில் நடந்து வரவில்லை. வந்திருக்கலாம்.

ஒருமுறை துணிந்து கேட்டேன். "அன்னைக்கு ஏன்க்கா நான் வகுப்புல இருக்கேன்னு சொன்னீங்க?" நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் என்று ஒரு வார்த்தை வரும் என எதிர்பார்த்தேன்.

"உங்க மொகம் அப்பிடி இருந்துச்சு டீச்சர். பயந்து போய் நிக்கிறவுககிட்டப் போனக் குடுத்தா மாத்தி மாத்திச் சொல்லுவாக. பிள்ளைக்குல்லா கெடுதல். உங்களுக்காகச் சொல்லலை." தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "பாத்ததைச் சொல்லணும். நெனச்சதைச் சொல்லக்கூடாது. அம்புட்டுத்தான், அதுல பயம் எதுக்கு?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றிலிருந்துதான் நாம் சிநேகிதமானோம்.

நீங்கள் போன மறு வருடம், வேறொரு பிள்ளை விஷயமாக நான் போன் செய்தேன். என் வகுப்பு அறையிலிருந்தே செய்தேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். பெயர், வேலை, பள்ளி எல்லாம் சொன்னேன். பார்த்ததை மட்டும் சொன்னேன். வீட்டாரைக் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறது. நீங்கள் இருந்தால் கேலியாக ஏதாவது சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்துதான் அன்று பஸ் ஏறினேன்.

இனி அந்தச் செய்தி. அவளுடைய பெரியம்மா வீடு எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். இந்த எட்டு வருடமாக நான் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போவேன். போன வாரம் ஜெராக்ஸ் கடையில் நின்றபோது, "டீச்சர்!" என்று ஒரு குரல். பதினோராம் வகுப்புச் சீருடை, இரட்டைச் சடை. என்னைவிட உயரம். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவள்தான் பெயரைச் சொன்னாள்.

முதலில் கேட்டது உங்களைத்தான். "சோறு போடுற அக்கா நல்லாருக்காங்களா?" நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். கையில் இருந்த சான்றிதழ்களை அடுக்கிச் சரிசெய்தாள். பிறகு, "நீங்க மட்டும் அன்னைக்கு போன் பண்ணலைன்னா நான் இல்லைன்னு பெரியம்மா எப்பவும் சொல்லுவாங்க டீச்சர்" என்றாள்.

கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தலையை மட்டும் ஆட்டியிருந்தால் அது அப்படியே போயிருக்கும். "போன் பண்ணது நான் இல்லம்மா. அந்த அக்காதான். நான் பக்கத்துல நின்னேன். பேசுங்கன்னு நீட்டுனாங்க, நான் வாங்கலை" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை. ஏதோ கணக்குக்கு விடை சரியாக வந்ததுபோலத் தலையசைத்தாள்.

"மொதத் தடவை கட்டோட வந்தேன்ல டீச்சர், அன்னைக்கு உங்ககிட்ட அவுத்துக் காட்டணும்னுதான் வந்தேன். மேசைகிட்ட வந்து கைய நீட்டுனேன். நீங்க என் கையப் பிடிச்சுத் தூக்கி வகுப்புக்கே காட்டுனீங்க. 'அம்மா எவ்வளவு சுத்தமா கட்டி விட்டிருக்காங்க பாருங்க, எல்லாரும் கைதட்டுங்க'ன்னு சொன்னீங்க. எல்லாரும் தட்டுனாங்க. பொறவு எப்பிடி டீச்சர் அவுக்குறது?"

குறையாகச் சொல்லவில்லை அக்கா. நடந்ததைச் சொன்னாள், பார்த்ததை மட்டும். மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு, "வாரேன் டீச்சர்" என்று போய்விட்டாள்.

நீங்கள் அன்று வகுப்பில் இல்லை, அதனால் உங்களுக்கு இது தெரியாது. நான் இருந்தேன், எனக்கும் ஞாபகம் இல்லை. ஒரு வாரமாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன், அவள் கை வரவில்லை, கைதட்டல் வரவில்லை. எத்தனையோ பிள்ளைகளை எத்தனையோ காரணத்துக்குக் கைதட்டிப் பாராட்டியிருக்கிறேன். அதில் ஒன்றாகப் போய்விட்டது. போனை வாங்காமல் நின்றதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு என்று எட்டு வருடம் நினைத்திருந்தேன்.

இந்த ஒரு வாரமாக, ஒரு பிள்ளை மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றால் நான் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். பாராட்டுவதில்லை, திட்டுவதில்லை, என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். பெரும்பாலும் பென்சில் தொலைந்த கதைதான். முழுவதும் கேட்கிறேன்.